பிழைக்கு நான்கு புள்ளி

ஜாக் ஜோன்ஸுடன் 10-4. லே பெய்ஃபானுடன் 13-10. கிறிஸ் வேக்லினுடன் 13-5. ரானி ஓ'சல்லிவனுடன் 17-7. மார்க் வில்லியம்ஸுடன் 18-12. 2025ஆம் ஆண்டு உலக ஸ்னூக்கர் சாம்பியன்ஷிப்பில் சீனாவின் ஜாவோ சின்டோங் கடந்து வந்த வழி இந்த ஐந்து வரிகளுக்குள் அடங்கிவிடுகிறது. இவற்றுக்கு முன்னால் தகுதிச் சுற்றில் அவர் ஆடிய நான்கு ஆட்டங்கள் உண்டு. கூட்டமும் விளக்கொளியும் இல்லாத அந்த ஆட்டங்களை நம்மில் பலர் பார்த்திருக்க மாட்டோம். அந்த மே மாதத்தில், கோப்பையைத் தூக்கிய அவரைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தபோது என் மனம் முழுதாக மகிழவில்லை. அதற்குக் காரணம் உண்டு. அந்தக் காரணத்தை மறைக்காமல் எடுத்து வைத்துப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஆட்டம். ஷெஃபீல்டு நகரத்தின் குரூசிபிள் ஒரு நாடக அரங்கு. 1971இல் திறக்கப்பட்டது. அங்கே நாடகம் பார்த்துவிட்டு வந்த மனைவி சொல்லித்தான் மைக் வாட்டர்சன் என்ற போட்டி அமைப்பாளர் அந்த இடத்தைப் போய்ப் பார்த்தார். 1977 முதல் உலகப் போட்டி அங்கேதான் நடக்கிறது. மொத்தம் 980 இருக்கைகள். நம் ஊர்த் திரையரங்குகள் பலவற்றில் இதைவிடக் கூட்டம் கொள்ளும். மூன்று பக்கமும் ரசிகர்கள் இறங்கி வந்து மேசையைச் சூழ்ந்துகொள்கிறார்கள்; முன்வரிசைக்காரர் இருமினால் ஆட்டக்காரரின் காதில் விழும். பதினேழு நாள் போட்டியின் பெரும்பகுதியில் அந்தச் சிறிய தளத்தில் இரண்டு மேசைகளைப் போட்டு நடுவில் தடுப்பு வைத்திருப்பார்கள். அரையிறுதி வரும்போது தடுப்பை எடுத்துவிட்டு ஒரே மேசையை நடுவில் போடுகிறார்கள். அந்த ஒற்றை மேசையில் ஆடிவிட வேண்டும் என்பதுதான் தொழில்முறை ஆட்டக்காரர் பலரின் வாழ்நாள் ஆசை. பலருக்கு அது கிட்டுவதே இல்லை.

ஸ்னூக்கரில் எனக்கு எப்போதும் நெஞ்சைப் பிடித்து இழுப்பது அந்த நாற்காலி. எதிராளி மேசையில் இருக்கும்வரை மற்றவர் தன் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். டென்னிஸில் எதிராளி அடித்த பந்தைத் திருப்பி அடிக்கலாம், சதுரங்கத்தில் எதிராளி யோசிக்கும்போது நாமும் யோசித்து அடுத்த காயை நகர்த்தலாம். இங்கே எதுவும் கிடையாது. எதிராளி தவறவிட்டால்தான் நமக்கு மேசை. அவர் தவறவிடவில்லையென்றால், ஒரு பந்தைக்கூடத் தொடாமல் ஃபிரேம், அதாவது ஆட்டக் கணக்கில் ஒன்றாக எண்ணப்படும் ஒரு சுற்று, கைவிட்டுப் போகும். கையில் கியூ என்ற கோல், பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீர், மேலே கேமரா. தோற்பதை உட்கார்ந்தபடி முழுக்கப் பார்க்க வேண்டும். முடிவுகளின் பட்டியலில் இந்த நாற்காலிக்கு இடம் இல்லை. 17-7 என்று எழுதினால் போதும், அந்த ஏழுக்குரியவர் எத்தனை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார் என்பதை யாரும் குறித்து வைப்பதில்லை.

அந்த ஆண்டு அங்கே அதிகம் உட்கார்ந்தவர் ஓ'சல்லிவன். ஏழு முறை உலகப் பட்டம் வென்றவர், வயது நாற்பத்தொன்பது. ஜனவரியில் ஓர் ஆட்டத்தில் ஏற்பட்ட எரிச்சலில் தன் கியூவை உடைத்துவிட்டு மாதக்கணக்கில் போட்டிகளிலிருந்து விலகி இருந்தவர், புதிய கியூவோடு நேராகக் குரூசிபிளுக்கு வந்திருந்தார். அரையிறுதியின் முதல் செஷன் 4-4 என்று முடிந்தது. இரண்டாம் செஷனில் எட்டு ஃபிரேம்கள். எட்டையும் ஜாவோ எடுத்தார். கியூவின் முனையை மாற்றிப் பார்த்தும் ஓ'சல்லிவனுக்குக் கை அமையவில்லை. அதற்காக அந்த எட்டையும் கியூவின் தலையில் போட்டுவிட முடியாது. ஜாவோ இடது கைக்காரர். தூரத்துப் பந்தை அடிக்கும்போது அவர் உடலில் தயக்கம் தெரியாது. அடித்த பிறகு வெள்ளைப் பந்து தானாக நடந்து போய் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும். ஸ்னூக்கரில் பந்தைக் குழிக்குள் போடுவது பாதி வேலைதான், வெள்ளைப் பந்து அடுத்து எங்கே வந்து நிற்கிறது என்பதில்தான் மீதி வேலையும் முழுப் பெருமையும் இருக்கின்றன. அன்று அவருடைய வெள்ளைப் பந்து சொன்னபடி கேட்டது. ஓ'சல்லிவன் பல ஆண்டுகளாகப் புகழ்ந்து வந்த இளைஞர் அவர். 12-4 என்று ஆனபோது, புகழ்ந்தவர் நாற்காலியில் இருந்தார், புகழப்பட்டவர் மேசையில் இருந்தார். அடுத்த செஷனில், இன்னும் ஒரு செஷன் மிச்சமிருக்கும்போதே 17-7 என்று ஆட்டம் முடிந்தது.

அதற்கு முந்தைய வெற்றிகளையும் சும்மா கடந்துபோக முடியவில்லை. முதல் சுற்றில் அவரிடம் தோற்ற ஜாக் ஜோன்ஸ் 2024இல் இறுதிவரை வந்தவர். இரண்டாம் சுற்றில் எதிர்கொண்ட லே பெய்ஃபான், 2024இன் சாம்பியன் கைரன் வில்சனை முதல் சுற்றிலேயே 10-9 என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டு வந்திருந்தார். அந்த ஆண்டு குரூசிபிளின் 32 பேரில் பத்துப் பேர் சீனர்கள். அதற்கு முன் அப்படி நடந்ததில்லை.

இறுதியாட்டத்தின் எதிராளி வேல்ஸ் நாட்டின் மார்க் வில்லியம்ஸ். ஓ'சல்லிவன், ஜான் ஹிக்கின்ஸ், வில்லியம்ஸ் மூவரும் 1975இல் பிறந்தவர்கள். மூவரும் 1992இல் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தவர்கள். வில்லியம்ஸ் காலிறுதியில் அந்த ஹிக்கின்ஸை 13-12 என்று கடைசி ஃபிரேமில் வென்றார், அரையிறுதியில் ஜட் டிரம்ப்பை 17-14 என்று வென்றார். வயது ஐம்பது. குரூசிபிள் இறுதியாட்டத்தில் அதுவரை ஆடியவர்களிலேயே மூத்தவர் 1982இன் ரே ரியர்டன்தான். அவருக்கு அப்போது நாற்பத்தொன்பது. முதல் செஷனிலேயே ஜாவோ 7-1 என்று போய்விட்டார். இரவு 11-6. மறுநாள் மாலை ஆட்டம் தொடங்கும்போது 17-8. ஜாவோவுக்கு இன்னும் ஒரே ஒரு ஃபிரேம் போதும். அங்கே வில்லியம்ஸ் ஒன்று எடுத்தார். இன்னொன்று எடுத்தார். நான்கு ஃபிரேம்களைத் தொடர்ந்து எடுத்தார். 17-12. ஐம்பது வயதில், தோல்வி உறுதியான பிறகு, ஒரு மனிதர் அப்படி ஆடுவதைப் பார்ப்பது பெரிய விஷயம். பட்டியலில் அது வெறும் 12 என்று நிற்கிறது. அடுத்த ஃபிரேமில் ஜாவோ இடைவிடாமல் 87 புள்ளி அடித்து முடித்தார். 2025 மே 5.

உலக சாம்பியன்ஷிப் 1927இல் தொடங்கியது. அன்றிலிருந்து அதுவரை ஆசியாவைச் சேர்ந்த ஒருவரும் வென்றதில்லை. தாய்லாந்தின் ஜேம்ஸ் வட்டானா இரண்டு முறை அரையிறுதி வந்தார். பதினெட்டு வயதில் ஸ்டீஃபன் ஹென்ட்ரியை வென்று சீனாவில் ஸ்னூக்கர் அலையைக் கிளப்பிய டிங் ஜுன்ஹுய் 2016இல் இறுதிவரை வந்து மார்க் செல்பியிடம் 14-18 என்று தோற்றார். ஆட்டம் பிறந்ததோ ஆசியாவில். 1875இல் ஜபல்பூரின் ராணுவ அதிகாரிகள் விடுதியில் பில்லியர்ட்ஸ் மேசைமேல் கூடுதல் வண்ணப் பந்துகளை வைத்து ஆடிப் பார்த்ததில் தொடங்கியது என்று, அதைக் கண்டுபிடித்த நெவில் சேம்பர்லேன் என்ற இளம் அதிகாரி பிற்காலத்தில் பதிவு செய்தார். பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரானவர் வேறொரு சேம்பர்லேன். அதன் விதிகள் எழுதப்பட்டு 1882இல் சுவரில் தொங்கவிடப்பட்ட இடம் நம் நீலகிரியில் இருக்கிறது. ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறை. வெள்ளை அதிகாரிகளின் பொழுதுபோக்குக்காக இருந்த அறை அது. ஜபல்பூரிலிருந்து கணக்கிட்டால் சரியாக நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து ஆசியாக்காரர் ஒருவர் அந்த ஆட்டத்தின் உலகப் பட்டத்தை எடுத்திருக்கிறார். இதற்கு நான் மகிழ வேண்டும், மகிழ்ந்தேன்.

மகிழ்ச்சி முழுமையாகாததன் காரணம் இனி.

2021 டிசம்பரில் யார்க் நகரில் ஜாவோ பெல்ஜியத்தின் லூக்கா பிரெசெலை 10-5 என்று வென்று யுகே சாம்பியன்ஷிப்பை எடுத்தார். அடுத்த சில வாரங்களில் பெர்லினில் ஜெர்மன் மாஸ்டர்ஸ் இறுதியாட்டம். எதிராளி அவரைப்போலவே சீன இளைஞரான யான் பிங்டாவ். இருபது வயதில், 2021 ஜனவரியில், ஜான் ஹிக்கின்ஸை 10-8 என்று வென்று மாஸ்டர்ஸ் பட்டம் எடுத்தவர். முடிவு 9-0. சீனாவின் அடுத்த தலைமுறை வந்துவிட்டது என்று அன்று எல்லோரும் எழுதினார்கள்.

ஓராண்டு முடிவதற்குள் இருவரும் தற்காலிகமாக நீக்கப்பட்டார்கள். ஆட்ட மோசடி விசாரணை. மொத்தம் பத்துச் சீன ஆட்டக்காரர்கள்மீது நடவடிக்கை. 2023 ஜூனில் தீர்ப்பு. இளையவர்களை அதில் இழுத்துவிட்ட மூத்த ஆட்டக்காரர்கள் இருவருக்கு ஆயுள் தடை. யான் பிங்டாவுக்கு ஐந்து ஆண்டு. ஜாவோமீது நிறுவப்பட்டவை இரண்டு: வேறொருவர் இரண்டு ஆட்டங்களைத் திட்டமிட்டுத் தோற்க முனைந்ததில் அவர் உடந்தையாக இருந்தது, ஸ்னூக்கர் ஆட்டங்களின்மேல் தானே பந்தயம் கட்டியது. தன்னுடைய ஆட்டம் எதையும் அவர் விற்கவில்லை. அந்தப் பெர்லின் இறுதியாட்டமும் குற்றப்பட்டியலில் இல்லை. முப்பது மாதத் தடை, அவர் தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்டதால் இருபது மாதமாகக் குறைந்தது. 2024 செப்டம்பர் 1இல் முடிந்தது.

ஆட்டக்காரர்களே ஆட்டத்தை விற்பது ஸ்னூக்கரில் ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று யோசித்துப் பார்க்கிறேன். எல்லா விளையாட்டிலும் மோசடி கேவலம்தான். ஆனால் ஸ்னூக்கரில் தன் ஃபவுலைத் தானே சொல்லும் வழக்கம் உண்டு. குனிந்து அடிக்கும்போது சட்டைக் கையின் நுனி ஒரு சிவப்புப் பந்தைத் தொட்டிருக்கலாம், ரெஃபரியின் கண்ணுக்கு அது தெரிந்திருக்காது, எதிராளி நாற்காலியில் தொலைவில் இருப்பார். தொட்டவருக்கு மட்டுமே தெரியும். அவர் நிமிர்ந்து, தொட்டுவிட்டேன் என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொள்கிறார். பெரிய இறுதியாட்டங்களிலும் இதைச் செய்கிறார்கள். செய்கிறவருக்கு யாரும் விருது கொடுப்பதில்லை, செய்ய வேண்டியது அது. இந்த நம்பிக்கைமேல்தான் முழு ஆட்டமும் நிற்கிறது. வேண்டுமென்றே தவறவிட்ட அடியையும் தவறிப்போன அடியையும் வேறுபடுத்த எந்தக் கேமராவாலும் முடியாது. ஒரு மயிரிழை தடித்துப் பட்டால் பந்து குழியின் வாயில் மோதித் திரும்பிவிடும். ஏன் அப்படிப் பட்டது என்பது அடித்தவரின் கைக்கு மட்டுமே தெரியும். விற்கப்பட்ட ஃபிரேம் பட்டியலில் மற்ற ஃபிரேம்களைப் போலவேதான் இருக்கும். எதிரில் நேர்மையாக ஆடி வென்றவருக்குத் தன் வெற்றி உண்மையானதா என்பது ஒருபோதும் தெரியவராது. மோசடி முதலில் கொள்ளையடிப்பது வென்றவரைத்தான்.

ஆகவே தண்டனை கடுமையாகத்தான் இருக்க வேண்டும். அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. எந்த அளவுக்கு, எதுவரை என்பதுதான் கேள்வி.

ஸ்னூக்கரில் சாதாரண ஃபவுலுக்கு அளவு உண்டு. குறைந்தது நான்கு புள்ளி. கருப்புப் பந்து சம்பந்தப்பட்டிருந்தால் ஏழு. அதற்குமேல் இல்லை. அந்தப் புள்ளிகள் எதிராளியின் கணக்கில் ஏறும், மேசை அவருக்குப் போகும், தவறு செய்தவர் நாற்காலியில் உட்கார்வார். பிறகு எதிராளி தவறவிட்டால், அவர் எழுந்து வந்து மறுபடி ஆடலாம். அப்போது அவர் அடிக்கும் சிவப்புக்கு ஒரு புள்ளி, கருப்புக்கு ஏழு. முன்பு தவறு செய்தவர் என்பதற்காகச் சிவப்புக்கு அரைப் புள்ளி கொடுப்பதில்லை. நூற்றைம்பது ஆண்டு ஆட்டம் தன் விதிகளுக்குள்ளேயே வைத்திருக்கும் நீதி இது. தண்டனை உண்டு, அளவு உண்டு, அளவு முடிந்ததும் மேசை உண்டு. இருபது மாதம் என்பது நீண்ட நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதுதான். உட்கார்ந்து முடித்து எழுந்து வந்தவர் அடிக்கும் பந்துக்கு முழு மதிப்பு கொடுக்க மனம் வரவில்லை என்றால், குறை அந்தப் பந்தில் இல்லை.

திரும்பி வந்தவருக்கு எந்தச் சலுகையும் கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தொழில்முறை உரிமம் போயிருந்தது. தரவரிசையில் பெயரே இல்லை. கியூ டூர் என்ற இரண்டாம் நிலைப் போட்டிகளில், சிறிய கூடங்களில், அமெச்சூராக ஆடினார். அமெச்சூராகவே உலகப் போட்டியின் தகுதிச் சுற்றில் அடிமட்டத்திலிருந்து தொடங்கினார். நான்கு ஆட்டங்கள், ஒவ்வொன்றும் ஒருவர் பத்து ஃபிரேம் வெல்லும்வரை. யார்க்கிலும் பெர்லினிலும் கோப்பை தூக்கியவருக்கு அந்தக் கூடங்களில் ஆடுவது எப்படி இருந்திருக்கும் என்று அவரால்தான் சொல்ல முடியும். தகுதிச் சுற்றிலிருந்து வந்து குரூசிபிளில் பட்டம் வென்றவர்கள் அதற்கு முன் இருவர்தான். 1979இல் டெரி கிரிஃபித்ஸ். லனெல்லி ஊர்க்காரர், தபால்காரராகவும் பேருந்து நடத்துநராகவும் வேலை பார்த்தவர். 2005இல் இருபத்திரண்டு வயது ஷான் மர்ஃபி. அமெச்சூராக வந்து வென்றவர் ஜாவோ ஒருவரே.

இந்த விளையாட்டின் தரவரிசைக் கணக்கு விசித்திரமானது. இந்த விஷயத்தில் எனக்கு அது வழிகாட்டியும்கூட. 1976இல் முதல் பட்டியலைப் போட்டபோது முந்தைய மூன்று உலகப் போட்டிகளின் முடிவுகளை வைத்துப் போட்டார்கள். இப்போது கணக்கு பவுண்டில். தரவரிசைப் போட்டிகளில் இரண்டு ஆண்டில் சம்பாதித்த பரிசுத் தொகைதான் ஒருவரின் இடம். இரண்டு ஆண்டு முடிந்ததும் பழைய தொகை கழிந்துவிடும். உலகப் பட்டத்துக்கு 500,000 பவுண்டு. வென்றால் ஒரே இரவில் மேலே போகலாம், இரண்டு ஆண்டு கழித்து அதே வேகத்தில் கீழே வரலாம். 2023இல் பட்டம் வென்ற பிரெசெல், யார்க்கில் ஜாவோவிடம் தோற்றவர், 2025 மே மாதம் அந்தத் தொகை கழிந்ததும் முதல் பதினாறு பேருக்கு வெளியே போனார். அந்த ஆண்டு அவர் காலிறுதிவரை ஆடியும் காப்பாற்ற முடியவில்லை. இன்னொரு விதி இதைவிடக் கடுமை. நேரடியாக இடம்பெற்றவர் முதல் ஆட்டத்திலேயே தோற்றால் பணம் கிடைக்கும், அது தரவரிசைக் கணக்கில் ஏறாது. 2025இல் நடப்புச் சாம்பியனாக வந்து முதல் சுற்றிலேயே தோற்ற கைரன் வில்சன் 20,000 பவுண்டு வாங்கினார், கணக்கில் சுழியம். நேற்று நீ யார் என்பதைக் குறித்த நாளுக்குப் பிறகு இந்தப் பட்டியல் கேட்பதில்லை. வெற்றியையும் அப்படித்தான் தள்ளுபடி செய்கிறது.

மனிதர்களாகிய நாம் அப்படி இருக்க முடியாது, இருக்கவும் கூடாது. 2023இல் நடந்ததை மறந்துவிடச் சொன்னால் நான் ஒப்பமாட்டேன். ஜாவோவின் வாழ்க்கையை யார் எழுதினாலும் அந்த இருபது மாதம் அதில் இருக்க வேண்டும்; மறைத்து எழுதுவது அவருக்கே செய்யும் அநியாயம், ஏனென்றால் அதை எடுத்துவிட்டால் அந்த நான்கு தகுதிச் சுற்று ஆட்டங்களுக்குப் பொருளே இல்லாமல் போகும். நினைவில் வைத்திருப்பது வேறு, மீண்டும் மீண்டும் தண்டிப்பது வேறு. இந்த வேறுபாட்டை நாம் பொதுவாழ்வில் அடிக்கடி தவறவிடுகிறோம். நமக்குப் பிடித்தவரின் தவற்றை மறந்தே விடுகிறோம், பிடிக்காதவருடையதைக் கடைசிவரை விடுவதில்லை. இரண்டிலும் அளவு இல்லை.

தீர்ப்பை எழுதியவர்கள் ஓர் அளவு வைத்தார்கள். அவர் அதை முழுக்க அனுபவித்தார். பின்னர் ஒன்பது ஆட்டங்களை வென்றார், அவற்றில் கடைசி ஐந்தை, முந்தைய ஆண்டு இறுதிவரை வந்தவர் முதல் வில்லியம்ஸ் வரை, எல்லோருடைய கண்முன்னாலும். 18-12 அவருக்கு உரியது, குறைவில்லாமல். உலகத் தரவரிசையில் அவர் பெயர் மறுபடி ஏறியபோது பதினொன்றாம் இடத்தில் ஏறியது.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. யான் பிங்டாவின் தடை 2027 டிசம்பரில் முடிகிறது. அப்போது அவருக்கு இருபத்தேழு வயது. ஜாவோவின் குற்றத்தைவிட அவருடையது பெரியது, தண்டனையும் பெரியது. அவர் திரும்பி வருவாரா, வந்தால் அந்தக் கை மிச்சமிருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. வந்தால், ஆளில்லாத ஏதோ ஒரு கூடத்தில் தகுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில்தான் தொடங்குவார். அந்த ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். அவர் அடிக்கும் சிவப்புக்கு ஒரு புள்ளி கொடுங்கள்.